நகர மானுடவியலும் ஸ்ரீபெரும்புதூரும்

நகர மானுடவியல், நகரங்களில் மனிதர்கள் சேர்ந்து வாழும் முறைகளைக் களஆய்வின் வழியாக ஆராயும் துறை. இராமானுஜரின் பிறப்பிடமான ஸ்ரீபெரும்புதூரும் அருகிலுள்ள ஒரகடமும் 1990களின் இறுதியிலிருந்து சிப்காட் வளாகங்களால் தொழில்வட்டாரமாயின. இத்துறையின் கருத்துகள் இவ்வட்டாரத்துக்கு எந்த அளவு பொருந்தும் என்பதே இங்கு எழும் கேள்வி.

அணுகுமுறைகள்

லூயிஸ் வெர்த் 1938-ல் மக்கள்தொகை, அடர்த்தி, பன்மை ஆகியவற்றைக் கொண்டு நகரத்தை வரையறுத்தார். இங்கு மூன்றும் உண்டு. ஆனால் விடுதியிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து விடுதிக்கும் நிறுவனப் பேருந்திலேயே செல்பவர்கள் ஊராருடன் கலக்கும் வாய்ப்பு குறைவு.

மில்டன் சிங்கர் சென்னைத் தொழிலதிபர்களை ஆராய்ந்து, அவர்கள் வீட்டுக்கு ஒரு நெறி, அலுவலகத்துக்கு ஒரு நெறி எனப் பகுத்துக்கொண்டு மரபையும் நவீனத்தையும் இணைத்தனர் என்றார் (1972). கூர்மையான கருத்து, ஆனால் தொழிலிலிருந்து விலகி நிற்கும் ஒரு வீடு இருந்தால்தான் அது செல்லும்.

விடுதி என்னும் களம்

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். விடுதி உணவால் 250-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதே காரணம். போராட்டம் கூலியைப் பற்றியதல்ல. சோற்றையும் தங்குமிடத்தையும் பற்றியது. 2024-ல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வளாகம் திறக்கப்பட்டது. வசதி கூடலாம்; வேலை போனால் படுக்கையும் போகும் என்ற பிணைப்பு அதனால் மட்டும் நீங்காது.

இந்நிலைக்கு நெருக்கமான ஆய்வு ஏ.எல். எப்ஸ்டைனுடையது (1958). இன்றைய சாம்பியாவின் செம்புச் சுரங்க நகரில், நிறுவனக் குடியிருப்பில் வாழ்ந்த தொழிலாளர்கள் இனக்குழு மூத்தோரின் பிரதிநிதித்துவத்தை விலக்கித் தொழிற்சங்கத்தை ஏற்றதை அவர் காட்டினார். அவர்களை நகருக்கு வந்த கிராமத்தாராக மட்டும் அவர் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆண்கள். ஷென்சென் மின்னணு ஆலையில் தாமே வேலைக்குச் சேர்ந்து, பெண்களின் உடல்வலியையும் விடுதி வாழ்வையும் எழுதிய புன் ங்காயின் நூல் (2005) அக்குறையை ஈடுசெய்கிறது.

மதிப்பீடு

2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஊர் திரும்பியவர்களை இங்கு வீடுவீடாகச் செய்யும் ஆய்வு காணாது. ஆகவே இவ்வட்டாரத்தின் களம் தெரு மட்டுமல்ல. ஷிப்டும் பேருந்தும் படுக்கையும்கூட. இவற்றை விட்டுவிட்டு எழுதப்படும் நகர வரலாறு நிலம் விற்றவரையும் ஆலை கட்டியவரையும் மட்டுமே நகரத்தாராகக் கணக்கிடும். தண்ணீர், மருத்துவம், போக்குவரத்து பற்றிய திட்டங்களில் விடுதிப் பெண்ணிடம் கருத்துக் கேட்கப்படுமா என்பதும் இக்கணக்கைப் பொறுத்ததே.