கூரையைத் தூக்கி வைத்தவர்கள்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் புது வீடு எழும்பினால் தெரு முதலில் பார்ப்பது எலிவேஷனைத்தான். கண்ணாடி, ஏசிபி ஷீட், மரம் போலத் தெரியும் டைல்ஸ், நடுவே ஒரு எல்இடி பட்டை. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அந்த முகப்புக்குப் பின்னால் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். கூரை என்று ஒன்று இருப்பது மேல்மாடி அறையில் படுப்பவருக்குத்தான் நினைவுக்கு வரும். கடந்த கால் நூற்றாண்டில் கறுப்பினக் கட்டடக் கலைஞர்கள் செய்திருக்கும் வேலைகளை இந்த ஊரிலிருந்து பார்க்கும்போது, அவர்கள் வாங்கிய பரிசுகளைவிட அவர்கள் போட்ட கூரைகள்தான் என்னை இழுக்கின்றன.

பிரான்சிஸ் கேரே மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில், காண்டோ என்ற கிராமத்தில் 1965இல் பிறந்தவர். ஊர்த்தலைவரின் மூத்த மகன். அந்த ஊரிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் பிள்ளை. ஊரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதில் வெளியூருக்கு அனுப்பப்பட்டார். காற்றும் வெளிச்சமும் இல்லாத அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளோடு அடைந்து படித்தார். 1985இல் தச்சு வேலை கற்க உதவித்தொகையில் பெர்லின் போனவர், பின்னர் அங்கேயே கட்டடக்கலை படித்து 2004இல் பட்டம் பெற்றார். ஆனால் காண்டோவின் ஆரம்பப் பள்ளியை 2001இலேயே, மாணவராக இருக்கும்போதே, கட்டி முடித்துவிட்டார். அந்தப் பள்ளிக்கு 2004இல் ஆகா கான் விருது கிடைத்தது. 2022இல் அவருக்குக் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

அந்தப் பள்ளியின் கூரையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். சுவர், மண்ணில் சிறிதளவு சிமென்ட் கலந்து அச்சில் அழுத்திய கல். அதற்கு மேல் கான்கிரீட் உத்தரம், உத்தரங்களுக்கு இடையே கம்பி, கம்பி மேல் அதே மண் கல்லைச் சந்து விட்டு அடுக்கிய உள்கூரை. தகரம் இதைத் தொடுவதே இல்லை. சாதாரணக் கட்டுமானக் கம்பியை வளைத்து வெல்டிங் செய்த சட்டங்கள் மேல் அது தூக்கி நிறுத்தப்பட்டு, சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருக்கிறது. தகரம் காய்ந்தாலும் அந்தச் சூடு கீழே இறங்கும் முன் இடைவெளியில் ஓடும் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். அறைக்குள் எழும் வெப்பக்காற்று சந்துகள் வழியே மேலேறி வெளியேற, ஜன்னல் வழியே புதுக்காற்று வரும். நீண்ட தகரம் மண் சுவரை மழையிலிருந்தும் காக்கிறது. இதில் மின்சாரத்துக்கு வேலை இல்லை.

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பக்கவாட்டைத் திறந்துவிட்டு, கூரையை உயர்த்தி, வெளியே நீட்டிப் போடாவிட்டால் கோடையில் கோழி தாங்காது. கோழிக்குப் பார்க்கும் காற்றோட்டத்தைப் பிள்ளைகள் உட்காரும் சிமென்ட் ஷீட் வகுப்பறைக்கு நாம் பார்ப்பதில்லை.

மண்ணில் கட்டப்போகிறேன் என்று கேரே சொன்னதும் ஊரே முகம் சுளித்தது. மண் சுவர் ஒரு மழைக்காலம் தாங்காது என்பது அவர்களுடைய அனுபவம். ஜெர்மனியில் படித்த பையன் இதற்கா வந்தான் என்று நினைத்ததில் தப்பில்லை. அவர் மாதிரிக்கு மண் கல்லில் ஒரு வளைவைக் கட்டி, அதன்மேல் ஆட்களை ஏற்றி நிற்கவைத்துக் காட்டினார். பிறகு ஊர் இறங்கி வேலை செய்தது. பெண்கள் வரிசையாக நின்று திமிசு போட்டுத் தரையை அடித்து, கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். கல் அறுக்கவும் வெல்டிங் செய்யவும் பழகிய இளைஞர்களுக்கு அதுவே பிழைப்பானது. அந்தப் பள்ளியின் நூலகத்துக்கு அவர் செய்தது இன்னும் எளிது. ஊர்ப் பெண்கள் கொண்டுவந்த மண்பானைகளின் வாயையும் அடியையும் வெட்டி, தளம் போடும்போது கான்கிரீட்டில் பதித்துவிட்டார். வெளிச்சமும் காற்றும் அந்தத் துளைகளில் வரும். நம்மூர் சென்டரிங் ஆட்களுக்கு இது கைவந்த வேலை. சொல்பவர்தான் வேண்டும்.

கிராமத்துக்கு மண் சரி, நகரத்தில் நடுத்தர வர்க்கம் அதை ஏற்குமா? நைஜர் நாட்டின் மரியம் இசூஃபு, முன்பு மரியம் கமாரா என்று அறியப்பட்டவர், அங்கேதான் கை வைத்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து வேலை பார்த்துவிட்டுக் கட்டடக்கலைக்கு வந்தவர் இவர். தலைநகர் நியாமேயில் 2016இல் மூன்று சகாக்களோடு அவர் கட்டிய ஆறு வீடுகள், அழுத்திய மண் கல்லால் ஆன மாடி வீடுகள். தெருவில் உட்கார்ந்து பேசும் வழக்கத்துக்கு இடம்விட்டு வாசலில் இருக்கை வைத்தார். நாம் இடித்துப்போட்ட திண்ணைதான். தண்டாஜி கிராமத்தில் இடிக்கவிருந்த பழைய மண் மசூதியை 2018இல் நூலகமாக மாற்றி, புது மசூதியைப் பக்கத்தில் எழுப்பினார். பழைய கட்டடத்தைக் கட்டிய கொத்தனார்களையே அழைத்து வந்து வேலை வாங்கியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே பிரச்சினை மண் அல்ல, வாசற்படி. லாஸ் ஏஞ்சலீஸின் பால் வில்லியம்ஸ் 1923இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். எதிரே உட்காரும் வெள்ளைக்கார வாடிக்கையாளர் தன் பக்கத்தில் வந்து உட்காரத் தயங்குவார் என்பதால், தாளில் தலைகீழாக வரையப் பழகிக்கொண்டார். அவர் வரைந்த வீடுகள் இருந்த தெருக்கள் பலவற்றில் அவரே வீடு வாங்க முடியாது. வாடகைக்கு வீடு கேட்டால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று விசாரிக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கழகத்தின் தங்கப் பதக்கம் அவர் இறந்து 37 ஆண்டுகள் கழித்து, 2017இல் வந்தது. இன்றும் அந்நாட்டில் உரிமம் பெற்ற கட்டடக் கலைஞர்களில் கறுப்பினத்தவர் 2 சதவீத அளவில்தான்.

வாஷிங்டனில் 2016இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் கறுப்பினக் கலைஞர்களின் வேலைகளில் பெரிய கட்டடம். யொருபா மரச்சிற்பத்தின் மகுடத்தை ஒட்டிய மூன்று அடுக்கு; வெண்கல நிறத்தில் 3,600 வார்ப்பு அலுமினியப் பலகைகள். அவற்றின் பின்னல், அடிமைகளாக இருந்த கொல்லர்கள் தென் மாநிலங்களில் செய்த இரும்பு வேலைப்பாட்டிலிருந்து எடுத்தது. இதை வடிவமைத்தவராக டேவிட் அட்ஜாயேயின் பெயரைச் சொல்வது வழக்கம். அவரோடு சேர்ந்து வடிவமைத்து, 2019இல் காலமான பிலிப் ஃப்ரீலனின் பெயரும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும். அட்ஜாயே மீது 2023இல் அவரிடம் வேலை பார்த்த மூன்று பெண்கள் பாலியல் அத்துமீறல் புகார் கூறினார்கள், அவர் மறுத்தார். ஒருவரைச் சமூகத்தின் முகமாக்கி உயர்த்துவதில் உள்ள ஆபத்து இதுதான். லாகோஸின் மக்கோக்கோ குப்பத்தில் குன்லே அடேயமி நீரில் மிதக்கவிட்ட பள்ளியும் அப்படித்தான். உலகமே படம் எடுத்துப் போட்டது; 2016இல் ஒரு மழையில் அது சரிந்தது. கொண்டாட்டம் பராமரிப்புச் செலவுக்கு உதவாது.

2023இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியை லெஸ்லி லோக்கோ பொறுப்பேற்று நடத்தியபோது, பங்கேற்றவர்களில் பாதிக்கும் மேல் ஆப்பிரிக்காவையும் அதன் புலம்பெயர் சமூகங்களையும் சேர்ந்தவர்கள். அந்தக் கண்காட்சியின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது, செம்புறை மண்ணில் சிமென்ட் கலந்து தானே கல் செய்து கட்டிவந்த நைஜீரியாவின் டெமஸ் நுவோகோவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 87.

இதையெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. காண்டோவில் பயன்பட்ட அதே வகைக் கல்லை ஆரோவில் மண் நிறுவனம் 1989 முதல் ஆராய்ந்து, கற்றுக்கொடுத்து வருகிறது. சேலத்திலிருந்து ஒரு பகல் பயணம். சேலம் பக்கத்துச் செம்மண் இதற்கு ஏற்றது, கரிசல் ஆகாது, எந்த மண்ணானாலும் சோதித்த பிறகே கட்ட வேண்டும். மண் கல் வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. தளத்துக்கு மேல் காற்று ஓடும்படி ஒரு நிழல்கூரை, மேற்குச் சுவருக்கு நீண்ட சன்ஷேடு, வெப்பம் மேலே வெளியேற ஒரு வழி, இந்த மூன்றையும் எந்த மேஸ்திரியும் செய்வார். வீடு கட்டப்போகிறவர்கள் அடுத்த முறை இன்ஜினியரிடம் எலிவேஷன் படத்துக்கு முன்னால் கூரையின் குறுக்குவெட்டுப் படத்தைக் கேளுங்கள். காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகிறது என்று அவர் அதில் அம்புக்குறி போட்டுக் காட்டட்டும். காட்ட முடியாதவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.