நாற்காலிக்குப் புது உறை

மாநாட்டு அரங்கு நாற்காலியில் முதலில் நைந்துபோவது துணி, அடுத்தது ஸ்பாஞ்ச். இரும்புச் சட்டத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் பல அரங்குகள் முழு நாற்காலியையே கழித்துக்கட்டிவிடும். ஸ்டேப்பிள் ஊசிகளைப் பிடுங்கி, பழைய உறையை உரித்து, அதையே அளவாக வைத்துப் புதுத் துணி வெட்டி, இழுத்துப் பிடித்து அடிக்கிறாரே குஷன்காரர், அந்த வேலையை நின்று பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவில் அந்தத் துணியில் பூர்வகுடி ஓவியம் ஏறும்போது ரசனை கூடுகிறது. டார்வினுக்கு வடக்கே திவி தீவுகளில் 1960களின் கடைசியிலிருந்தே துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் நடக்கிறது. வடிவம் எந்த இடத்தில் அறுபட வேண்டும் என்று பார்த்து வெட்டுவதில்தான் கைத்திறன்.

வெட்டலாமா என்பதே முதல் கேள்வி. பல வடிவங்கள் குறிப்பிட்ட குலத்தின் சொத்து. அவற்றை எல்லோரும் வரைந்துவிட முடியாது. ஒருமுறை சிலர் பூர்வகுடி ஓவியர்களைக் கேட்காமலே அவர்களுடைய படைப்புகளை வியட்நாமில் கம்பளங்களாக நெய்யவைத்து ஆஸ்திரேலியாவில் இறக்கினார்கள். புனித உருவங்கள் காலடியில்! அதற்காக 1994இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 1,88,640 டாலர் இழப்பீடு விதித்தது. பண்பாட்டுக் காயமும் அதில் சேர்த்தி.

மிதிக்கக் கூடாததன்மேல் உட்காரலாமா? அதை ஓவியர்தான் சொல்ல வேண்டும். அரங்கு நடத்துகிறவர்களே, துணிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அவரிடம் கேளுங்கள். உரிமத் தொகையைக் கொடுங்கள். நாற்காலி முதுகில் அவர் பெயரைப் போடுங்கள்.