கைவினையும் ஆய்வும்

விஞ்ஞானத்திற் பொதுமக்களைப் பங்குகொள்ளச் செய்த கலைமுயற்சிகளுள் குறோசே முருகைக்கற்பாறை பெரிதும் போற்றப்படுவது. அதன் வேர் கணிதத்தில் உளது. அதிபரவளைவுத் தளத்திற்குத் தாளில் ஒட்டிய மாதிரிகள் எளிதிற் கிழிந்தமையால், கோர்னெல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டெய்னா தைமினா 1997இல் அதனை நூலாற் பின்னிக் காட்டினார். கண்ணிகளை ஒரே விகிதத்திற் கூட்டிச்செல்ல, முருகைக்கல்லை ஒத்த நெளிபரப்பு உருவாயிற்று. கைவினை ஈண்டு ஆய்வின் கருவியே ஆயிற்று. 2005இல் லொஸ் ஏஞ்சலிசில் மார்கிறெற், கிறிஸ்ரின் வேர்தைம் சகோதரிகள் அம்முறையைக் கலையாக்கினர்; பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், இணைந்தனர்.

பின்னுவோர் விதியைச் சிறிது மாற்றுந்தோறும் புதுவடிவங்கள் தோன்றின. புலமையாளர்க்கே உரியதெனக் கருதப்பட்ட கணிதம் சாதாரண மக்களின் கைவயமானமை இம்முயற்சியின் பெருஞ்சாதனை எனலாம். ஆயினும், கடல் வெப்பமுறுதலால் வெளிறி மடியும் உண்மை முருகைக்கற்களைப் பற்றிய ஆய்வில் இப்பின்னல் அவர்களுக்கு இடமளிக்கவில்லை. அங்கு அவர்கள் இரங்குவோராகவே நிற்கின்றனர். அறிவைப் பெறுதல் வேறு. அதனை ஆக்குதல் வேறு. வினாவை எழுப்பும் உரிமையும் மக்களுக்குக் கிட்டும்போதே கலைக்கும் விஞ்ஞானத்திற்குமிடையிலான கூட்டு முழுமையுறும்.