கீழ்க்காய்நெல்லியும் தாவரநூலார் வகுப்பும்

நெல்லி மரம். கீழ்க்காய்நெல்லியோ மாரிக்குப் பின் வேலியோரத்தும் வயல்வரம்பிலும் ஒரு சாணுயரம் வளர்ந்து மடியும் பூண்டு. இவ்விரண்டையும் ஒரு பெயராற் சுட்டிய நம் முன்னோர் பருமனை நோக்கினாரல்லர். மெல்லிய சிறுகிளையின் இருமருங்கும் சிற்றிலைகள் நிரைபட நிற்றலால், கிளை முழுவதும் ஒரு கூட்டிலை போலத் தோன்றும். அத்தோற்றம் இரண்டற்கும் பொது. இலின்னேயசு 1753 ஆம் ஆண்டில் இவ்விரண்டையும் ‘பிலாந்தசு’ என்னும் ஒரே சாதியில் அடக்கினார். அதற்கு ‘இலைப்பூ’ என்பது பொருள். இலையிற் பூத்ததுபோலக் காணப்படுவது உண்மையிற் கிளையிற் பூத்ததேயாம். தமிழர் இலைநிரையின் கீழ்க் காயைக் கண்டனர். இலின்னேயசு பூவைக் கண்டார். கண்ட பொருள் ஒன்றே.

அச்சாதியை 2022 ஆம் ஆண்டில் இலைடன் நகரத்துப் பௌமன் முதலியோர் பலவாகப் பிரித்து வகுத்தனர். அவ்வகுப்பின் நிறைகுறைகளை ஆராய்தலே ஈண்டு நம் நோக்கம்.

பிரிவுக்குக் காரணம் இல்லாமலில்லை. ஒரு மூதாதையின் வழித்தோன்றல் அனைத்தையும் உள்ளடக்குவதே செவ்விய சாதி என்பது இக்காலத்தார் கொள்கை. இலங்கையரான கத்ரியாராச்சியும் உடனாய்வாளரும் 2006 ஆம் ஆண்டில் மரபணுச் சான்று கொண்டு ஆராய்ந்தபோது, வேறு சாதிகளென எண்ணப்பட்ட கிளோக்கிடியன், பிரைனியா முதலியன பிலாந்தசின் கிளைகளுக்கு நடுவிலேயே தோன்றியவை எனக் கண்டனர். இலைபோன்ற கிளையமைப்பும் சில மரபுகளிற் பலமுறை மறைந்துபோயிற்று. ஆகவே இலின்னேயசு கைக்கொண்ட அடையாளம் மட்டும் போதாதாயிற்று. எஞ்சிய வழி இரண்டே. ஒன்று அனைத்தையும் சேர்த்து, ஆயிரத்திருநூறு இனங்களுக்கு மேற்பட்ட பெருஞ்சாதியாக்குவது, மற்றையது பிரிப்பது. முன்னதையே 2006 இல் ஒப்மன் முதலியோர் விரும்பினர். பின்னதைப் பௌமன் குழுவினர் கொண்டனர்.

தருக்கத்தில் இரண்டும் வழுவற்றவை. ஆயினும் பிரிவே தக்கதென்பது எம் கருத்து. ஆயிரத்திருநூறு இனங்களுக்கும் பொதுவான பெயர் எதனையும் சிறப்பித்துச் சொல்லாது. தன் பூவிற் முட்டையிடும் சிற்றந்துப்பூச்சியையே மகரந்தச் சேர்க்கைக்கு நம்பி வாழும் கிளோக்கிடியன் போன்ற தனித்த கூட்டம் அப்பெருங்கடலில் மூழ்கிப்போம்.

இனிக் குறை. சாதிப்பெயர் எந்த இனத்தை அடிப்படையாகக் கொண்டு நிறுவப்பட்டதோ அதனுடனேயே நிற்கும் என்பது பெயரீட்டு விதி. பிலாந்தசுக்கு அவ்வினம் ‘நிரூரி’. அதுவோ அமெரிக்கப் பூண்டு. எனவே பெயர் அங்கே போய்விட, நெல்லி ‘எம்பிளிக்கா’ எனவும், கீழ்க்காய்நெல்லி ‘மீரோரிசு’ எனவும் ஆயின. இதனினும் வியப்பொன்று உண்டு. மலையாளக் கரைச் செடிகளை விளக்கும் ஓட்டசு மலபாரிக்கசு என்னும் பெருநூலிற் ‘கீர்கனெலி’ என வழங்கிய நம் பூண்டின் பெயரைப் பிரெஞ்சு அறிஞர் சூசியூ 1789 இல் ‘கிர்கனேலியா’ எனச் சாதிப்பெயராக்கினார். புதிய வகுப்பு அதனை மீட்டுக்கொண்டது. ஆனால் அப்பெயரைத் தாங்குவது பூலாச்செடி, கீழ்க்காய்நெல்லியன்று! விதியின்படி இது சரியே. விதி சரியாயிருப்பதனால் நகைப்பு அடங்கிவிடாது.

இவையெல்லாம் பெயரளவில் நிற்பன. உயிரோடு தொடர்புற்ற குழப்பம் இனத்தளவில் உள்ளது. இலின்னேயசின் ‘நிரூரி’ என்னும் பெயரை ஊக்கர் 1887 இல் இந்தியச் செடிகளுக்கும் வழங்கினார். 1957 இல் வெபுசுற்றர், உண்மை நிரூரி அமெரிக்காவுக்கே உரியது எனவும், நம் நாடுகளில் அப்பெயர் பெற்றவை அமாரசு, பிரற்றேனசு, தெபிலிசு என்னும் வேறினங்கள் எனவும் தெளிவித்தார். அமாரசின் பூவிற் புல்லிதழ் ஐந்து, பிரற்றேனசில் ஆறு. செந்தண்டும் கரடுமுரடான காயும் உடைய ‘யூரினேரியா’ என்னும் மற்றோரினமும் சந்தையில் இவற்றோடு கலந்து வருவதுண்டு. ஒரு கைவில்லை போதும், இவற்றைப் பிரித்தறிய. இருந்தும் மருந்துப் புட்டிகளிலும் மருத்துவக் கட்டுரைகளிலும் ‘நிரூரி’ இன்றும் நின்று நிலவுகின்றது.

அதனால் நேரும் இடர் சிறிதன்று. 1988 ஆம் ஆண்டில் சென்னையில் ஈரலழற்சி ‘பீ’ வைரசைத் தாங்கியோருக்கு அமாரசுப் பொடி கொடுத்துச் சோதித்தனர். மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து அவ்வைரசின் அடையாளம் நீங்கிற்று. வெறும்பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே நீங்கிற்று. பின்னர்த் தாய்லாந்து முதலிய இடங்களில் நிகழ்ந்த சோதனைகள் அப்பயனைக் காட்டவில்லை. மருந்து பயனற்றதா, செடியே வேறா என்ற ஐயத்துக்கு, எந்த இனம் எங்கே பறிக்கப்பட்டது என்னும் உலர்மாதிரி ஒவ்வொரு சோதனையோடும் இருந்தாலன்றி விடை கிட்டாது. பௌமன் குழுவினர் பல நூறு இனங்களுக்குப் புதுச் சாதிப்பெயர் சூட்டினர். மருத்துவர் தடுமாறிய இடமோ அதுவன்று. இது அவர்தம் குற்றமன்று. ஆனால் மாணாக்கர் இதனை மறந்து, ‘மீரோரிசு’ என எழுதிவிட்டதனாற் செடியை அறிந்துவிட்டதாகக் கருதலாகாது.

மற்றொன்று. அமாரசு அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து பரவியது என்பது தாவரநூலார் பலர் துணிபு. அத்துணிபு மெய்யாயின், ஐரோப்பியர் கடல் கடந்து அங்குச் சென்றதற்கு முன்னர் நம் வைத்தியர் ஈரல்நோய்க்கு இடித்த பூண்டு அதுவாயிருக்க முடியாது. தென்னிந்தியாவுக்கும் ஈழத்துக்கும் உரிய தெபிலிசாக இருந்திருத்தல் கூடும். ஆகவே பழைய வைத்திய ஏடுகளைப் பதிப்பிப்போர் கீழ்க்காய்நெல்லி எனக் கண்டவிடமெல்லாம் அருகே ‘அமாரசு’ என ஐயமின்றி எழுதிச் செல்லும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று.