கடை திறப்பும் வாராத வீரரும்

சயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணியின் பதின்மூன்று உறுப்புகளுள் இரண்டாவது கடை திறப்பு. போர் பாடியது பன்னிரண்டாவது. போர் நிகழ்ந்தவாறு கூறப்படுமுன்னரே போர்மேற் சென்றாருடைய மனைக்கதவங்கள் திறக்குமாறு வேண்டப்படுகின்றன. இம்முறைவைப்பிற்குக் காரணம் யாது?

கலிங்கம் சென்ற வீரர் குறித்த காலத்தே மீளாமையின் மகளிர் ஊடிக் கதவடைத்தனர் எனவும், அவர்தம் ஊடல் நீக்கிக் கதவம் திறப்பிக்கப் புலவர் பாடினார் எனவும் கூறுதல் பெருவழக்கு. இன்பச்சுவைக்காக அமைத்த உறுப்பு என்று கொண்டு வகுப்பில் இதனை விரைந்து கடந்துவிடுவதும் எம்மனோர் வழக்கமே. ஐம்பதுக்கு மேற்பட்ட அத்தாழிசைகளுட் பெரும்பாலன அக்கூற்றுக்கு இடந்தருவன என்பதை யாம் மறுக்கவில்லை.

ஆயின் ஒரு தாழிசை அவ்விளக்கத்துள் அடங்காது. கொழுநர் வருவார் என்று ஒருத்தி கதவைத் திறக்கின்றாள். வாரார் என்று அடைக்கின்றாள். விடியுமளவும் இவ்வாறே நிகழ, கதவின் குடுமி தேய்கின்றது. ஊடியிருப்பாள் கதவைத் தானே திறந்து பார்ப்பதில்லை. அன்றியும், ஊடலுக்குக் கணவன் உயிரோடிருத்தல் முதற்கண் வேண்டும். இவள் அதனையே அறியாள். ‘வாரார்’ என்னும் சொல் இன்றிரவு வாரார் எனவும் பொருள்படும். இனி ஒருநாளும் வாரார் எனவும் பொருள்படும். அவ்விரண்டிற்கும் இடையேதான் அக்கதவு அசைகின்றது.

முல்லைப்பாட்டில் இவ்வச்சத்திற்கு மாற்று உண்டு. பெருமுது பெண்டிர் ஊர்ப்புறத்தே நெல்லும் முல்லைமலரும் தூவி விரிச்சி கேட்கின்றனர், கன்றுக்கு ஆய்மகள் கூறும் ஆறுதல் மொழி நற்சொல்லாய் அமைகின்றது, தலைவனும் மீள்கின்றான். பரணிப் பெண்ணுக்கு நற்சொல் கூறுவார் ஒருவருமிலர்.

அவள் காத்திருந்தது கணவன் மீளுமுன். ஊடல் அதற்குப் பின்னையது என்று கூறி ஒருவர் இரண்டனையும் இசைவிக்கலாம். அங்ஙனமாயினும், போர் பாடியது என்னும் உறுப்பின் முடிவையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த அப்போருக்கு முதற்குலோத்துங்கன் தான் செல்லாது கருணாகரத் தொண்டைமானை விடுத்தான். வென்ற தொண்டைமான் யானை, குதிரை, நிதிக்குவை ஆகியவற்றோடு மீண்டு மன்னனை வணங்குகின்றான். படைத்தலைவனது மீட்சி அத்துடன் முற்றுகின்றது. படைஞர் இல் திரும்பியமை அங்கே பேசப்படவில்லை. அதற்குரிய இடம் கடை திறப்பே. நூலின் வாயிலிலேயே புலவர் அதனை வைத்துவிட்டார் என்பது எம் துணிபு.

அக்காலத்து வெற்றிப்பாட்டுகள் இதனைப் பாடுபொருளாகக் கொள்ளுதல் அரிது. சான்று காணத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. இன்றைய கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திலும் திருவதிகையிலும் குலோத்துங்கனின் மற்றொரு படைத்தலைவனான மணவிற்கூத்தன் நரலோகவீரனைப் போற்றும் வெண்பாக்கள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. தில்லையில் அவன் எடுப்பித்த நூற்றுக்கால் மண்டபத்தையும், தேவாரப் பாடல்களைச் செப்பேட்டில் எழுதுவித்ததையும் அவற்றால் அறிகின்றோம். அக்கொடையால் தமிழ் பெற்ற பேறு பெரிது. ஆயினும் அவ்வெண்பாக்களின் பொருள் தலைவனது வெற்றியும் திருப்பணியுமே. உடன்சென்றார் மனை மீண்டமையன்று.

கல் கூறாததைப் பரணி கூறிற்று. எனினும் பரணிக்கும் ஓர் எல்லை உண்டு. கடை திறக்குமாறு வேண்டப்படும் மகளிருள், சோழனுக்குத் திறையாக வந்த மலைநாட்டாரும் துளுநாட்டாரும் உளர். வடுகும் தமிழும் குழறிப் பேசும் கருநாட்டு மகளிரும் உளர். அவர்தம் பேச்சின் மழலையைப் புலவர் நயந்து பாடுகின்றார். சோழநாட்டுப் பெண்ணின் கதவுக்குடுமி தேய்ந்ததைக் கண்ட அப்பெரும்புலவர், இம்மகளிர் விட்டுவந்த மனைகளை எண்ணினாரல்லர். அங்கே எவர் மீண்டனர், எவர் கதவம் திறந்தனர் என்பதற்குத் தாழிசை ஒன்றும் இல்லை.