18 நிமிட அப்பம்

மாவும் தண்ணீரும், அவ்வளவுதான். ஈஸ்ட் கிடையாது, வழக்கமாக உப்புகூடப் போடுவதில்லை. ருசிக்கென்று பார்த்தால் மாத்ஸாவுக்கு நான் பெரிதாக மதிப்பெண் போடமாட்டேன். ஆனால் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித்தர இதைவிடக் கெட்டிக்கார ரொட்டியை நான் அறியேன்.

யூதர்கள் பஸ்கா பண்டிகையில் உண்ணும் புளிப்பில்லா அப்பம் இது. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த அவர்களின் முன்னோர், பிசைந்த மாவு புளிக்கவும் நேரமின்றிக் கிளம்பினார்கள் என்கிறது பைபிளின் யாத்திராகமம். அந்த அவசரத்தை யூத மரபு சட்டமாக்கி வைத்திருக்கிறது. தண்ணீர் பட்ட மாவைச் சும்மா 18 நிமிடம் விட்டால் புளித்ததாகக் கணக்கு, பஸ்காவுக்கு ஆகாது. அதனால் தண்ணீர் ஊற்றியதிலிருந்து சுட்டெடுக்கும்வரை எல்லாமே அந்த 18 நிமிடத்துக்குள் முடிகிறது.

பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் ஹபாத் என்ற யூத மத இயக்கத்தார் பல நாடுகளில் சிறுவர்களுக்கு மாதிரி மாத்ஸா அடுமனை நடத்துகிறார்கள். கோதுமையைக் கல்லில் அரைத்துப் பார்க்கலாம். தண்ணீர் ஒரு தடுப்புக்குள், மாவு இன்னொரு தடுப்புக்குள். வேளை வருமுன் இரண்டும் சந்திக்கக் கூடாது. சந்தித்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். பிசை, உருட்டு, மெல்லிசாகத் தேய். உப்பாமலிருக்க முள் உருளையால் துளை போட்டு, நீண்ட கழியில் சுற்றி அடுப்புக்கு அனுப்பு. கை ஓயக் கூடாது. ஓய்ந்தால் மாவு புளிக்கும். ஓரம் கோணலாக இருக்கிறதே என்று நின்று திருத்த யாருக்கும் நேரமில்லை. தப்பியோடியவர்களின் பதற்றம் பத்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டுக்கே வந்துவிடுகிறது. சில இடங்களில் எகிப்து மன்னன் பார்வோன் வேஷமும் கட்டுகிறார்கள். கடிகாரம் இருக்கும்போது பார்வோன் எதற்கு?

கையால் சுட்ட மாத்ஸா வட்டமாக, அங்கங்கே கருகிய கொப்புளங்களோடு இருக்கும். கடையில் கிடைக்கும் சதுரம் இயந்திர வேலை. 1838-இல் பிரான்ஸின் அல்சாஸ்காரரான ஐசக் சிங்கர் முதல் மாத்ஸா இயந்திரத்தைக் கொண்டுவந்தார். 1859-இல் யூத மதகுரு ரபி ஷ்லோமோ க்ளூகர் அதை எதிர்த்தார். அப்பம் உருட்டிப் பிழைக்கும் ஏழைகளின் வருமானம் போய்விடும் என்பதும் அவர் வாதங்களில் ஒன்று. வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தச் சண்டையையும் சொல்லலாம். நான் வட்டத்தின் கட்சி.

பஸ்கா இரவு விருந்தில், புளிக்காத அப்பம் எதற்கு என்று கேட்பது வீட்டின் கடைக்குட்டிதான். ஆனால் அந்த இரவில் மாத்ஸா உண்ணும் கடமைக்குக் குழந்தை சுட்ட அப்பம் செல்லாது. அதைப் பெரியவர்கள்தான் பிசைந்து சுட வேண்டும் என்பது விதி.