கொட்டாங்குச்சியும் அடைப்புக்குறியும்

சில வருஷங்களுக்கு முன்னால் உளவியல் ஆய்வு மாணவர் ஒருவர் எங்கள் சேரிக்கு வந்தார். தீண்டாமையின் 'வாழ்ந்த அனுபவம்' பற்றி ஆய்வேடு எழுதுகிறாராம். கையில் ரெக்கார்டர். என் அம்மா பேசினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நல்ல மனுஷர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைத் திட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன் என்பீர்கள்.

"டீக்கடையில தனியா குடுத்தாங்கன்னு சொன்னீங்களேம்மா, அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"எப்படியிருக்கும் தம்பி, சுடும்."

அதற்கப்புறம் விரிவாகச் சொன்னாள். "கொட்டாங்குச்சியில ஊத்துவான். கண்ணு உள்ள பாதியா இருந்தா ஒழுகும். அதுக்கு அடி நிக்காது, கீழ வைக்க முடியாது. குடிச்சி முடிக்கிற வரைக்கும் கையிலயே வச்சிருக்கணும். அவனுங்க பெஞ்சில கிளாஸ வச்சிட்டு ஊருக்கதை பேசுவானுங்க. நாம வாயத் தொறக்காம குடிச்சிட்டு, கழுவி, கூரையில சொருவிட்டுப் போவணும்."

ஆய்வேட்டில் இது எப்படி வந்தது தெரியுமா? 'பங்கேற்பாளர் அவமான உணர்வை அனுபவிக்கிறார். அவரது தன்மதிப்பு குறைகிறது.' அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இதுல கொட்டாங்குச்சி எங்கடா?" என்று கேட்டாள்.

இந்த முறைக்குப் பெயர் பினாமினாலஜி நேர்காணல், நிகழ்வியல் நேர்காணல் என்று தமிழில் சொல்லலாம். பிட்ஸ்பர்க் நகரத்து டுகேன் பல்கலைக்கழகத்தில் 1960களிலிருந்து அமேடியோ ஜியார்ஜி இதை வளர்த்தெடுத்தார். சோதனைச்சாலை உளவியலில் பயின்றவர் அவர். அங்கே மனிதனின் அனுபவம் நழுவிப்போவதைக் கண்டு, உளவியலை மனித அறிவியலாகக் கட்டவேண்டுமென்று 1970இல் புத்தகம் எழுதினார். ஹுஸ்ஸர்லின் தத்துவத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது 'எபோகே'. கேட்பவர் தன் முன்முடிவுகளையும் தான் படித்த கோட்பாடுகளையும் அடைப்புக்குறிக்குள் போட்டு ஒத்திவைக்கவேண்டும். கருத்துக் கேட்பதில்லை, நடந்த ஒன்றை நடந்தபடி சொல்லச் சொல்கிறார்கள். பிறகு அந்தப் பேச்சை எழுத்தாக்கி, முழுசாக வாசித்து, அர்த்தம் திரும்பும் இடங்களில் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டையும் உளவியல் மொழிக்கு மாற்றி, கடைசியில் அனுபவத்தின் அமைப்பை எழுதுகிறார்கள். மாற்றும்போது 'நான்' என்பது 'அவர்' ஆகிவிடும்.

முறையைத் தூக்கியெறியச் சொல்லவில்லை நான். கேள்வித்தாளோடு வந்து ஒன்று முதல் ஐந்து வரை டிக் அடிக்கச் சொல்லியிருந்தால் 'அடி நிக்காது' என்ற வார்த்தை வந்திருக்காது. அதைக் கொண்டுவந்தது இந்த முறைதான். ஆனால் கைக்கு வந்ததை நம் மாணவர் கீழே போட்டுவிட்டார். ஹுஸ்ஸர்ல் தேடச் சொன்ன சாரம் அங்கேதானே இருந்தது? வாங்கின பிறகு கீழே வைக்கவே முடியாத ஒரு பாத்திரம், அது தீர்மானிக்கிற அவசரம், அது மூடுகிற வாய். அம்மா சொல்லாத 'அவமானம்' எங்கிருந்து வந்தது? அவர் படித்துவிட்டு வந்த புத்தகத்திலிருந்து. இளக்காரத்தை அடைப்புக்குறிக்குள் போட்டவர் இரக்கத்தைப் போட மறந்துவிட்டார். நம் எழுத்துக்கு மதிப்புரை எழுதுகிற விமர்சகர்களுக்கும் இதே வியாதிதான். முந்நூறு பக்கத்தையும் 'வலி' என்கிற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

இன்னொன்று. சாதி ஒரு அபிப்பிராயமா, நினைத்த மாத்திரத்தில் ஒத்திவைப்பதற்கு? மாணவர் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கி அண்ணாந்து குடித்தார். எல்லா வீட்டிலும் அப்படிக் குடிக்கிறவராகவே இருக்கலாம். ஆனால் அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். அவர் ரெக்கார்டரை அழுத்துவதற்கு முன்னாலேயே அவள் அவரை ஒரு பேட்டி எடுத்து முடித்திருந்தாள். அந்தப் பேட்டி எந்த ஆய்வேட்டிலும் இல்லை. (ஹுஸ்ஸர்லே 1886இல் கிறிஸ்தவரானவர். 1933 ஏப்ரலில் யூதராகப் பிறந்தவர் என்பதற்காக அவரைக் கட்டாய விடுப்பில் வைத்து ஆணை வந்தது. பிறப்பை ஒத்திவைக்க அவராலும் முடியவில்லை.)

எழுதியதைப் பேசினவரிடமே திரும்பக் கொண்டுபோய்க் காட்டவேண்டுமா என்பதில் இந்த முறைக்காரர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. 1978இல் பால் கொலாய்ஸி வகுத்த முறையில் கடைசிப் படியே அதுதான். ஜியார்ஜி ஒத்துக்கொள்ளவில்லை. வாழ்ந்தவர் தன் அனுபவத்தை அறிவார், அதை உளவியலாகப் பகுக்கும் பயிற்சி அவருக்கில்லை என்பது அவர் வாதம். வாதம் சரியாகவே இருக்கட்டும். நம் நாட்டில் அந்தப் பயிற்சி யாருக்கு, அனுபவம் யாருக்கு என்பதை முன்கூட்டியே பிரித்துவைத்தது எது? கோபால் குரு 2002இல் சமூக அறிவியலைப் பார்த்துக் கேட்டது இதைத்தான்: கோட்பாடு ஒருசாராருக்கு, தகவல் கொடுப்பது மற்றவர்களுக்கா? 2012இல் சுந்தர் சருக்கையோடு சேர்ந்து எழுதிய நூலில் இந்த விவாதம் இன்னும் விரிந்தது. ஜியார்ஜியின் விதியைப் பிட்ஸ்பர்க்கிலிருந்து அப்படியே இறக்கிக்கொண்டால், பாடம் செய்யப்பட்ட பேச்சாகத்தான் அம்மா ஆய்வேட்டில் இருப்பாள். அதைத் திருத்தும் உரிமை அவளுக்கு இருக்காது.

மாணவருக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதினேன். வருத்தப்பட்டுப் பதில் போட்டார். நாற்பது நிமிஷப் பதிவு அவரிடம் இருக்கிறது. ஒரு காப்பி கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார்.